மத்தியை யார் தின்றது? மட்டாஞ்சேரியிலிருந்து ஒரு பற்று வரவு

ஒரு பிரைட்ஸ் திமிங்கலத்துக்கு ஒரு நாள் இரை ஏறக்குறைய 600 கிலோ. 2024-ஆம் ஆண்டின் நடுவில் கேரளச் சந்தைகளில் மத்தி கிலோ 350 முதல் 400 ரூபாய் வரை விற்றது. அந்த விலைக்கு வாங்கிப் போட்டிருந்தால் அதன் ஒரு நாள் சாப்பாட்டுக்கு 2,10,000 ரூபாய்க்கு மேல் ஆகியிருக்கும். செப்டம்பருக்குப் பிறகு மத்தி மலைமலையாகக் குவிந்து கிலோ 20, 30 ரூபாய்க்கு இறங்கியது. அப்போது அதே சாப்பாடு 12,000 ரூபாயில் முடிந்திருக்கும். ஆறே மாதத்தில் செலவு பதினேழு மடங்கு குறைந்தது. தின்ற அளவில் ஒரு கிலோகூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை.

இப்படிக் கணக்குப் போட்டுப் பார்க்கக் கொச்சி மட்டாஞ்சேரியின் ஜூ டவுனைவிடப் பொருத்தமான தெரு கிடையாது. 1568-இல் கட்டிய பரதேசி யூதப் பள்ளி தெருவின் கோடியில் இருக்கிறது. வழியெல்லாம் ஏலம், சுக்கு, கிராம்பு மூட்டைகள், நடுநடுவே அத்தர் கடைகள். 1957-இல் தொடங்கிய மிளகு வணிகச் சங்கம் இந்தத் தெருவில்தான் இருக்கிறது. கொடியில் இன்னும் பழுக்காத மிளகுக்கு அடுத்த மாதத் தவணையில் என்ன விலை என்று கூவி முடித்த இடம் அது. விலை கட்டத் தெரியாத பண்டம் என்று மட்டாஞ்சேரியில் எதுவும் இல்லை. கடலில் உலவும் திமிங்கலத்துக்கு மட்டும் பேரேட்டில் சரியான பக்கம் இன்னும் விழவில்லை என்பது என் எண்ணம். பற்றுப் பக்கத்தை எல்லோரும் எழுதிவிடுகிறோம். வரவுப் பக்கம் காலியாகக் கிடக்கிறது.

பற்றுப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். திமிங்கலங்கள் ஆண்டுக்கு 28 கோடி முதல் 50 கோடி டன் வரை இரை தின்கின்றன, உலகமே பிடிக்கும் கடல்மீனைப்போல் அது 3 முதல் 5 மடங்கு என்பது ஜப்பானின் திமிங்கல வேட்டை ஆதரவாளர்கள் பல காலமாகச் சொல்லிவரும் கணக்கு. கேட்டால் தலை சுற்றும். எந்த மீனை, எந்தக் கடலில், எவ்வளவு ஆழத்தில் என்று கேட்டால் கணக்கு ஆட்டம் காணத் தொடங்கும். அதைக் கேரளத்து மத்தியை வைத்தே சோதித்துவிடலாம். உள்ளூர்ப் பேச்சில் சாளை. கொச்சிச் சமையலறைக்கும் கன்னியாகுமரிச் சமையலறைக்கும் பொதுவான மீன்.

2012-இல் கேரளக் கரையில் இறங்கிய மத்தி சுமார் 3.9 லட்சம் டன். 2021-இல் 3,297 டன். கொச்சியில் இயங்கும் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த எண்கள் இவை. (1947-இல் பிறந்து, நம் மண்டபத்தில் வளர்ந்து, 1971-இல் கொச்சிக்குக் குடிபோன நிலையம் அது.) சிறுதொழில் மீனவருக்கு மத்தி தந்த வருமானம் 2014-இல் 608 கோடி ரூபாய்; 2021-இல் 30 கோடி. 30 கோடியை 3,297 டன்னால் வகுத்தால் கிலோவுக்கு 91 ரூபாய். விலை நன்றாகத்தான் இருந்தது, விற்க மீன்தான் இல்லை.

இனி வகுத்தல். 3,297 டன் மத்தியை நாளொன்றுக்கு 600 கிலோ வீதம் கொடுத்தால் 5,495 நாள் வரும். அதாவது 15 திமிங்கலங்களின் ஓராண்டுச் சாப்பாடு. 2012-இன் 3.9 லட்சம் டன்னை அப்படியே வகுத்தால் கிட்டத்தட்ட 1,780 திமிங்கலங்கள். ஆகவே மத்தி குறைந்ததற்குத் திமிங்கலம்தான் காரணம் என்று யாராவது சொல்வாரானால், ஒன்பதே ஆண்டில் கேரளக் கரைக்கு 1,765 புதுத் திமிங்கலங்கள் வந்து சேர்ந்தன என்று காட்ட வேண்டும். பிரைட்ஸ் பசு ஒன்று ஏறக்குறைய ஓராண்டு சுமந்து ஒரு கன்று ஈனும். அடுத்த கன்றுக்கு இரண்டு மூன்று ஆண்டாகும். பிறந்த கன்று தாயாகக் குறைந்தது எட்டு ஆண்டு வேண்டும். ஒன்பது ஆண்டில் அந்தக் கூட்டம் பிறந்து வளர்ந்திருக்க வழியே இல்லை. வேறு கடலிலிருந்து வந்திருந்தால், 12 மீட்டர் நீளத்துக்கு மேற்பட்ட 1,765 உடல்கள் யார் கண்ணிலும் படாமல் போயிருக்காது.

ஆராய்ச்சி நிலையத்தின் விளக்கம் வேறு. 2010 முதல் 2012 வரை மத்தியை அளவுக்கு மீறி அள்ளியிருக்கிறார்கள். அடுத்து 2015–16-இன் எல் நினோ வெப்பம் வந்து முட்டை வைக்கும் மீனின் கருவளத்தைக் கெடுத்தது. 2023-இல் 1.38 லட்சம் டன், 2024-இல் 1.49 லட்சம் டன் என்று மத்தி மீண்டும் ஏறியது. இந்த ஏற்ற இறக்கத்தில் திமிங்கலத்தின் பெயரை எழுத இடமே இல்லை.

அதன் பெயர் வருவது இன்னொரு பட்டியலில். இந்தியக் கரைகளில் ஒதுங்கிய திமிங்கலங்கள் 2004 முதல் 2013 வரை ஆண்டுச் சராசரியில் 0.3; 2014 முதல் 2023 வரை 3. பத்து மடங்கு. 2023 ஒன்றில் மட்டும் 9. அதிகம் ஒதுங்கியவை பிரைட்ஸ் திமிங்கலங்கள். அதிகம் ஒதுங்கிய கரை கேரளம், கர்நாடகம், கோவா. அதிகம் ஒதுங்கிய மாதங்கள் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை.

ஏன் அந்த மாதங்கள் என்பதற்கு விடை கடலுக்கு அடியில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கரையோரம் அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில் மேல்நீர் விலகி, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். உரச்சத்து நிறைந்த நீர் அது. வெயில் பட்டதும் நுண்பாசி பொங்கும், பாசியைத் தின்ன மத்தி கரைக்கு வரும். ஆலப்புழைப் பக்கம் மீன் கரையோரம் குவியும் சாகரை விழுந்தது என்று மீனவர் கொண்டாடுவதும் இதே பருவத்தில்தான். மத்தியின் பின்னால் திமிங்கலம் வருகிறது. கரைக்கு அது வந்து சேர்வதற்குக் காரணம் இரை. கப்பல், வலை, ஆழமில்லாத அடித்தளம் மூன்றும் அங்கேயே காத்திருக்கின்றன. கடைத்தெருவுக்குச் சாமான் வாங்கப் போனவர் லாரியில் மாட்டிக்கொள்வது மாதிரிதான்.

அடியிலிருந்து வரும் நீருக்கு இன்னொரு குணமும் உண்டு: அதில் உயிர்க்காற்று குறைவு. அதனாலேயே மீன் மேலாகவும் கரையோரமாகவும் நெருங்கி நிற்கும். தாய்லாந்து வளைகுடாவில் இதே போன்ற நிலையில் பிரைட்ஸ் திமிங்கலம் என்ன செய்கிறது என்று 2017-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அது பாய்வதில்லை. தலையை மட்டும் நீருக்கு மேல் நிமிர்த்தி, கீழ்த்தாடையை நீர்மட்டத்துக்கு இறக்கி, வாயைத் திறந்தபடி நிற்கிறது. நெத்திலிகள் தாமாகவே வாய்க்குள் வழிந்து விழுகின்றன. பிறகு வாயை மூடித் தலையைத் தாழ்த்திக்கொள்கிறது. இப்படிச் சாப்பிட்டால் பாயும் செலவு மிச்சம்.

மற்ற நேரங்களில் அது பாயும். மோவாயிலிருந்து தொப்புள் வரை 40 முதல் 70 மடிப்புகள் ஓடுகின்றன. மீன்கூட்டத்தைக் கண்டு வாயைப் பிளந்து பாயும்போது மடிப்பெல்லாம் விரிந்து, தொண்டை ஒரு பெரிய பையாகிவிடும். மேல்தாடையில் இரு பக்கமும் சீப்பின் பற்களாக 250-க்கு மேற்பட்ட தகடுகள் தொங்குகின்றன. வாயை மூடி நாக்கால் நெருக்கினால் நீர் தகடுகளின் வழியே வெளியேறும், மீன் உள்ளே தங்கும். இதே குடும்பத்து மற்றத் திமிங்கலங்களின் தலையில் பெரும்பாலும் ஒரு வரம்பு ஓடும். இதன் தலையில் மூன்று. படகிலிருந்து பார்ப்பவர் அடையாளம் கண்டுகொள்ள அது போதும். நம் கரைகளில் இரண்டு வகை உண்டு, ஆழ்கடலில் திரியும் பெரியது ஒன்று, கரையோரச் சிறியது ஒன்று என்று மரபணுவை வைத்து உறுதிசெய்ததும் கொச்சி நிலையம்தான்.

600 கிலோ என்ற எண்ணையே சிலர் ஒப்பமாட்டார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. ஏழு இனங்களைச் சேர்ந்த 321 திமிங்கலங்களின் முதுகில் கருவி ஒட்டி அளந்த மேத்யூ சவோக்கா குழு 2021-இல் வெளியிட்ட முடிவின்படி, பழைய மதிப்பீடுகளைவிடச் சராசரியாக மூன்று மடங்கு இரையை அவை தின்கின்றன. வட பசிபிக் நீலத் திமிங்கலம் ஒன்று நாளைக்கு 16 டன். அதன்படி நம் 600 கிலோவை 1,800 என்று திருத்தினாலும் மேலே போட்ட வகுத்தல் கவிழாது: 2012-இன் மத்தி முழுவதையும் தின்னக் கிட்டத்தட்ட 590 திமிங்கலங்கள் வேண்டும். அந்த 590-ம் வேறு எதையும் தொடாமல் 365 நாளும் மத்தியே தின்ன வேண்டும். திமிங்கலத்தின் தட்டில் நெத்திலியும் அயிலையும் இறாலினமும் உண்டு. எல்லா நாளும் விருந்தும் இல்லை.

சவோக்கா குழுவின் இன்னொரு எண்தான் பற்றுப் பக்கத்தையே புரட்டிப்போடுகிறது. இருபதாம் நூற்றாண்டு வேட்டைக்கு முன் தென்முனைக் கடலின் திமிங்கலங்கள் ஆண்டுக்கு 43 கோடி டன் க்ரில் இறால் தின்றன. இன்று அந்தக் கடலில் இருக்கும் மொத்தக் க்ரில்லைப்போல் அது இரு மடங்கு. 1910 முதல் 1970 வரை அங்கே 15 லட்சம் திமிங்கலங்கள் கொல்லப்பட்டன. தின்றவர் போனதும் தின்னப்பட்டது பெருகியிருக்க வேண்டும், குறைந்திருக்கிறது. க்ரில்லில் இருக்கும் இரும்புச் சத்தைத் திமிங்கலம் சாணமாக மேல்நீரில் விடுகிறது, அந்த இரும்பில் பாசி வளர்கிறது, பாசியில் க்ரில் வளர்கிறது. சாணத்தை வரவு வைக்காமல் தீனியை மட்டும் பற்று எழுதினால் எந்த மாட்டுக்காரரும் சிரிப்பார். கேரளக் கடலின் உரம் பெரும்பாலும் பருவக்காற்று கிளப்பும் அடிநீரிலிருந்து வருவது. தென்முனைக் கணக்கை அப்படியே இங்கே ஒட்டக்கூடாது. ஆனால் தின்பது எல்லாமே நஷ்டம் என்ற பழைய பேரேடு அங்கேயே தவறிப்போனது என்பதை நினைவில் வைக்கலாம்.

இலங்கையின் தெற்கே மிரிஸ்ஸவுக்கு அப்பால் உலவும் நீலத் திமிங்கலங்களின் சாணத்தை ஆய்ந்த ஆஷா டி வோஸ் குழு 2018-இல் சொன்னது, அவற்றின் முக்கிய இரை ஆழத்தில் வாழும் செர்ஜெஸ்டிட் என்ற சிறு இறால். மத்தியோ நெத்திலியோ இல்லை அது. அங்கே மீனவருக்கும் திமிங்கலத்துக்கும் பங்காளிச் சண்டைக்கே இடமில்லை.

பற்றுப் பக்கத்தில் நியாயமாக எழுத வேண்டிய பெரிய தொகை ஒன்று இருக்கிறது. அதைத் தின்றது திமிங்கலம் இல்லை. 1963 முதல் 1966 வரை ஸ்லாவா, சோவெத்ஸ்கயா உக்ராயினா என்ற இரு சோவியத் வேட்டைக் கப்பற்படைகள் அரபிக்கடலிலும் அதை அடுத்த பகுதிகளிலும் கொன்றவை:

நீலத் திமிங்கலம் 1,294
எண்ணெய்த் திமிங்கலம் 954
பிரைட்ஸ் திமிங்கலம் 849
கூனல் திமிங்கலம் 242
மொத்தம் 3,339

அன்று இதெல்லாம் வெளியே சொல்லப்படவில்லை. 1990-களில் யூரி மிகாலெவ் என்ற விஞ்ஞானி மறைத்து வைத்திருந்த பதிவுகளை வெளியிட்ட பிறகே இந்த எண்கள் உலகத்துக்குத் தெரிந்தன. வயிற்றைக் கிழித்துப் பார்த்த பதிவும் அதில் உண்டு: அரபிக்கடல் கூனல் திமிங்கலங்களின் வயிற்றில் க்ரில்லினமும் பாறை, அயிலை, மத்தி வகை மீன்களும் இருந்தன. அந்த 849 பிரைட்ஸ் திமிங்கலங்களை மட்டும் நம் 600 கிலோக் கணக்கில் போட்டால் ஆண்டுக்கு 1,85,931 டன் இரை. கேரளத்தின் 2024 மத்தி வரவைவிட அதிகம். இவ்வளவு தின்றவை உலவிய காலத்திலும் இந்தக் கரையில் மத்தி இருந்தது, மீனவரும் இருந்தார்கள்.

242 கூனல் திமிங்கலங்கள் போன கதைதான் மிகக் கொடியது. உலகின் மற்றக் கூனல் திமிங்கலங்கள் துருவத்தில் தின்று, வெப்பக் கடலில் ஈனும். அரபிக்கடல் கூட்டம் ஆண்டு முழுவதும் இங்கேயே இருக்கும். ஏறத்தாழ 70,000 ஆண்டுகளாக மற்றவற்றோடு கலக்காத கூட்டம் என்று மரபணு சொல்கிறது. ஓமானில் எடுத்த கணக்கில் மிச்சம் 82. 2017 நவம்பரில் ஓமானின் மசீரா வளைகுடாவில் லுபான் என்ற பெண் திமிங்கலத்துக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். அது அரபிக்கடலைக் குறுக்கே கடந்து கோவாவுக்கு வந்து, கேரளக் கரையோடு இந்தியாவின் தென்முனை வரை போய், பிறகு ஓமானுக்கே திரும்பியது. கொச்சியின் பழைய வணிகக் கப்பல்கள் போய்வந்த கடல்தான். லுபான் என்றால் சாம்பிராணி என்பது மட்டாஞ்சேரிக்காரர் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

காதால் கேட்ட பதிவுகளும் சேர்ந்திருக்கின்றன. லட்சத்தீவின் கவரத்தி அருகே நீரடி ஒலிவாங்கியில் நீலத் திமிங்கலப் பாட்டு பதிவானது. 2021-இல் விழிஞ்ஞம் அருகேயும் கேட்டது. அதே விழிஞ்ஞத்தின் துறைமுகத்துக்கு 2024 ஜூலையில் முதல் கன்டெய்னர் தாய்க்கப்பல் வந்து சேர்ந்தது.

மட்டாஞ்சேரி அத்தர் கடைக்காரருக்குத் திமிங்கலம் என்றாலே நினைவுக்கு வருவது அம்பர்தான். எண்ணெய்த் திமிங்கலம் ஆழத்தில் கணவாயைப் பிடித்துத் தின்னும். கணவாயின் கிளிமூக்கு போன்ற அலகு செரிக்காது. அது குடலை உறுத்த, உறுத்தலைச் சுற்றி மெழுகுபோல் கட்டி சேரும். நூற்றில் ஒன்றிரண்டு திமிங்கலங்களில்தான் சேரும். வெளியே வந்து கடலில் மிதந்து முற்றினால் வாசனைத் திரவியத்தை நிலைநிறுத்தும் பொருள். கொச்சியை 1663 முதல் ஆண்ட டச்சுக் கம்பெனி 1693-இல் திடோர் மன்னரிடம் 182 பவுண்டு எடையுள்ள ஒரே கட்டியை 11,000 தாலருக்கு வாங்கியது.

இன்றைய விலை? ஒவ்வொரு கடத்தல் கைதிலும் போலீஸ் சொல்லும் எண் கிலோ ஒரு கோடி ரூபாய். 2022 ஜூலையில் விழிஞ்ஞம் மீனவர்கள் கடலில் மிதந்த 28.4 கிலோ கட்டியை எடுத்து, விற்காமல் அரசிடம் ஒப்படைத்தார்கள். பத்திரிகைகள் 28 கோடி என்று எழுதின. இந்தியாவில் அதை விற்கச் சட்டப்படி சந்தையே கிடையாது. விற்க முடியாத பொருளுக்கு ஒரு கோடி என்று எழுதுவது விலை ஆகாது, ஆசைகாட்டல். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 3 முதல் 7 ஆண்டு சிறையும், 2022 திருத்தத்துக்குப் பின் குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. ஒரு பக்கம் கோடி, மறுபக்கம் 25,000. கடத்துகிறவர் சிறையை மறந்துவிட்டுப் போடும் கணக்கு இதுதான்.

உயிரோடிருக்கும் திமிங்கலத்துக்கும் ஒரு விலை வந்திருக்கிறது. 2019 டிசம்பரில் பன்னாட்டு நிதியத்தின் பொருளியலாளர்கள் பெரிய திமிங்கலம் ஒன்றுக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் என்றார்கள். அன்றைய மாற்று விலையில் சுமார் 14 கோடி ரூபாய். வாழ்நாளில் உடலில் சேர்த்துக் கடலடிக்குக் கொண்டுபோகும் 33 டன் கரிவாயுவும், சுற்றுலாவும், மீன்வளத்துக்குச் செய்யும் உதவியும் அதில் அடக்கம். எனக்கு இந்த எண்ணில் பெரிய நம்பிக்கை இல்லை. குடலில் அடைத்த 28 கிலோ கட்டியின் பாதி விலைக்கு முழுத் திமிங்கலமே கிடைக்கும் என்று சொல்கிற பேரேட்டில் ஏதோ ஒரு பக்கம் கிழிந்திருக்கிறது. ஆனாலும் வரவுப் பக்கத்தில் முதல்முறையாக ஒரு வரி எழுதினார்களே, அதற்காக மதிக்கலாம்.

நிஜமான நஷ்டஈட்டுக் கணக்கு கொச்சியிலேயே நடக்கிறது. 2025 மே 25 அன்று எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் 640 கன்டெய்னர்களோடு கேரளக் கடலில் மூழ்கியது. 13 கன்டெய்னர்களில் அபாயச் சரக்கு, தொட்டிகளில் 367.1 டன் உலை எண்ணெய், 84.44 டன் டீசல். பிளாஸ்டிக் குருணை கரையெங்கும் ஒதுங்கியது. கேரள அரசு உயர் நீதிமன்றத்தில் கேட்ட தொகை 9,531 கோடி ரூபாய். அதில் மாசுச் சேதத்துக்கு 8,626.12 கோடி, சீரமைப்புக்கு 378.48 கோடி, மீனவர் வருமான இழப்புக்கு 526.51 கோடி. பருவக்காற்று தொடங்கும் வாரம், மத்தியும் அதன் பின்னால் திமிங்கலமும் வரும் கரை. இதே எம்எஸ்சி நிறுவனம் 2022-இல் இலங்கையின் தெற்கே தன் கப்பல் வழியை 15 கடல்மைல் தள்ளி வைத்தது. எல்லாக் கப்பல்களும் அப்படித் தள்ளிப்போனால் நீலத் திமிங்கலம் மோதிச் சாகும் ஆபத்து 95 சதவீதம் வரை குறையும் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. செலவு கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் நேரம்.

யூதர்களின் உணவு விதியில் துடுப்பும் செதிலும் உள்ள மீனுக்கே அனுமதி. ஜூ டவுன் சமையலறைகளில் மத்திக்கு இடம் இருந்தது, திமிங்கலத்துக்கு இல்லை. ஒரு விதத்தில் அந்தச் சமையலறைதான் சரியாகக் கணக்கெழுதியிருக்கிறது: நம் தட்டுக்கு வருவது மத்தி, அதில்தான் நம் கை இருக்கிறது.

அந்தக் கை செய்யும் வேலைக்கும் எண் உண்டு. கேரளத்தில் மத்தி பிடிக்கக் குறைந்தபட்ச அளவு 10 சென்டிமீட்டர். அந்த நீளத்து மீன் ஒன்று சுமார் 10 கிராம் இருக்கும். கிலோவுக்கு நூறு மீன். 16 சென்டிமீட்டருக்கு வளர்ந்தால் ஒன்று 35, 40 கிராம். நூறில் பாதியைத் திமிங்கலமும் சூரையும் தின்றுபோனால்கூட மிச்சம் இன்றைய ஒரு கிலோவைவிட அதிகம்தான், முட்டை வேறு வைத்திருக்கும். ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் இழுவைப் படகுகளைக் கட்டி வைத்துவிட்டு, குஞ்சு மத்தியைக் கூடைகூடையாக விற்பதில் பொருளில்லை.

கொச்சியிலோ குளச்சலிலோ மீன் வாங்கப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். மத்தியை உள்ளங்கையில் குறுக்காக வைத்துப் பாருங்கள். உள்ளங்கை அகலத்தைக்கூடத் தாண்டாத மீன் என்றால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.